7. குப்பை இறங்கிய பிறகே கன்று ஏறட்டும்

திருவண்ணாமலைக்கு அறிமுகம் வேண்டாம். 2,668 அடி உயரம், சுற்றிவர 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, கார்த்திகையில் உச்சியில் எரியும் தீபம். அந்த மலை முன்பு எப்படி இருந்தது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டால் பாறையும் காய்ந்த புல்லும்தான் என்பார்கள். மரத்தை விறகுக்கு வெட்டினார்கள், தப்பியதை ஆடு கடித்தது, அதற்கும் தப்பியதைக் கோடைத் தீ தின்றது. 1980களின் இறுதியிலிருந்து ஊர்க்காரர்கள், ஆசிரமவாசிகள், மாணவர்கள், வனத்துறை ஊழியர்கள் என்று பலரும் கைகோத்து அந்த மலையில் கன்று நட்டு வருகிறார்கள். ‘தி ஃபாரஸ்ட் வே’ என்ற அறக்கட்டளை அங்கே சொந்தமாக நாற்றங்கால் வைத்து, மழைக்காலத்தில் நட்டு, கோடையில் தீ அணைக்கும் வேலையையும் செய்கிறது. இன்று கந்தாசிரமத்துக்கு ஏறும் பாதையில் பெரும்பகுதி நிழலில் நடக்கலாம்.

உங்கள் மலை பர்வதமலையாகவோ சதுரகிரியாகவோ இருக்கலாம். ஊருக்குப் பின்னால் பெயர் தெரியாமல் கிடக்கும் ஒரு கரடாகவும் இருக்கலாம். எதுவானாலும் வேலையின் வரிசை ஒன்றுதான்: அனுமதி, துப்புரவு, தீத்தடுப்பு, மண்ணும் நீரும், அதற்குப் பிறகுதான் நடவு. பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. முதல் நாளே ஆயிரம் கன்றுகள், பேனர், புகைப்படம். அடுத்த மாசியில் ஒரு தீ வந்தால் எல்லாம் சாம்பல். தீயைத் தடுத்துவிட்டால் மலையில் பாதிக் காடு தானாகவே வரும். நாம் நடுவது மீதிப் பாதிக்குத்தான்.

முதலில் நடந்து பாருங்கள்

வேலை தொடங்குவதற்கு முன் நான்கைந்து பேர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் மலையை முழுக்கச் சுற்றி வாருங்கள். மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை பார்ப்பது நல்லது. ஆடு மேய்ப்பவர் ஒருவரையாவது கூட அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பொடவில் தண்ணீர் நிற்கும், எந்தப் பக்கம் தீ முதலில் பிடிக்கும், எந்த மரம் எங்கே தப்பி நிற்கிறது என்பதை அவரைவிடத் தெரிந்தவர் இருக்க மாட்டார். அவரை முதலிலேயே உங்கள் பக்கம் சேர்த்துக்கொண்டால் பிற்பாடு கன்றுகளுக்கும் காவல் கிடைக்கும். விரட்டினால் பகைதான் மிஞ்சும்.

குறித்துக்கொள்ள வேண்டியவை: குப்பை சேரும் இடங்கள், ஓடைகள், சுனைகள், வெறும் பாறை, மண் உள்ள பள்ளம், ஏற்கெனவே உயிரோடு இருக்கும் மரங்கள். இவற்றோடு, வெட்டுப்பட்டும் சாகாத அடிக்கட்டைகளையும் குறியுங்கள். புல்லை விலக்கிப் பார்த்தால் முழங்கால் உயரத்தில் புதர்போல உசிலோ வெப்பாலையோ துளிர்த்திருக்கும். அது கன்று அல்ல. வருடாவருடம் எரிந்து, வருடாவருடம் வேரிலிருந்து முளைக்கும் பழைய மரம். அதன் வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால், தீயிலிருந்து காப்பாற்றினால் நீங்கள் நடும் எந்தக் கன்றையும்விட வேகமாக மரமாகிவிடும்.

அனுமதி

மலைகள் பெரும்பாலும் காப்புக்காடாக இருக்கும். அங்கே அனுமதியின்றி நுழைவதும், குழி தோண்டுவதும், செடி வெட்டுவதும், நல்ல நோக்கத்துக்கே ஆனாலும், குற்றம்.

1. உங்கள் மலை காப்புக்காடா, வருவாய்த்துறை நிலமா, கோயில் நிலமா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
2. காப்புக்காடென்றால் முதலில் வனச்சரக அலுவலரைப் பாருங்கள். அவருடைய யோசனைப்படி மாவட்ட வன அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.
3. விண்ணப்பத்தில் எந்தப் பகுதி, எத்தனை பேர், எந்த மாதங்கள், என்ன வேலை என்று தெளிவாக எழுதுங்கள். துப்புரவு, தீத்தடுப்பு, நடவு மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். துப்புரவுக்குச் சீக்கிரம் ஒப்புதல் கிடைக்கலாம். நடவுக்கு நாளாகும்.
4. அந்தப் பகுதி வனவர், வனக்காப்பாளர் இருவருடைய கைபேசி எண்களும் குழுவில் எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அவர்களுக்குச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் வனம் மற்றும் மரப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் இலக்கு. கன்றுகளுக்கும் வழிகாட்டுதலுக்கும் அந்த வழியிலும் கேட்டுப் பார்க்கலாம்.

துப்புரவு

கோயில் மலைகளில் எல்லாக் குப்பையும் ஒரேபோல் இருக்காது. பாதையோரம் கிடக்கும் தண்ணீர் பாட்டிலைப் பொறுக்குவது எளிது. சிரமமானது பாறை இடுக்குகளில் செருகிக் கிடப்பவை: கற்பூரப் பாக்கெட், நெய்ப் பாக்கெட், பிஸ்கட் உறை, ஷாம்பு சாஷே. வெயிலில் காய்ந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையை இழுத்தால் கையிலேயே பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடி ஓடை வழியாக இறங்கி ஏரிக்குப் போய்விட்டால் பிறகு அதை எடுக்க யாராலும் முடியாது. ஆகவே பழைய குப்பையை மழைக்கு முன் எடுத்துவிடுவது முக்கியம். வைகாசி, ஆனி மாதங்களில் அதிகாலையில் செய்யலாம்.

தேவையான பொருள்கள்:

ரப்பர் பூசிய கையுறை, நீளமான இடுக்கி, கெட்டியான அரிசிச் சாக்கு அல்லது கோணி, கண்ணாடிக்கு 15 கிலோ எண்ணெய் டின், கட்டக் கயிறு, மூடிய காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை. மெல்லிய குப்பைப் பைகளைத் தவிருங்கள். பாதி வழியில் கிழிந்து, இறக்கிய குப்பை மறுபடி மலையிலேயே கொட்டும்.

மலையே இறைவன் என்று கருதுபவர்கள் செருப்பணிந்து ஏறத் தயங்குவார்கள். அந்த நம்பிக்கையை மதியுங்கள், வற்புறுத்த வேண்டாம். அவர்களை அடிவாரத்தில் தரம் பிரிக்கும் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த பாட்டில் கிடக்கும் சரிவுக்கு வெறுங்காலுடன் யாரையும் அனுப்பக் கூடாது.

வேலையின் வரிசை:

1. எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரியுங்கள். அணிக்கொரு தலைவர். ஏறும்போதும் இறங்கும்போதும் தலையெண்ணிக் குறித்துக்கொள்வது அவர் பொறுப்பு.
2. ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும். மலை முழுவதையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க ஆசைப்பட வேண்டாம்.
3. எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கிச் சேகரியுங்கள். காலி சாக்குடன் ஏறி, நிரப்பிக்கொண்டே இறங்குவதுதான் முறை. கீழிருந்து தொடங்கினால் பாரத்தோடு ஏற வேண்டிவரும்.
4. ஒருவருக்கு மேலே இன்னொருவர் நேர்கோட்டில் நிற்கக் கூடாது. உருளும் ஒரு கல் போதும், கீழே நிற்பவரின் தலை உடைய. பக்கவாட்டில் வரிசையாக நில்லுங்கள்.
5. ஒருவர் சுமை 8 கிலோவைத் தாண்ட வேண்டாம். இரண்டு கைகளும் காலியாக இருக்கும்படி முதுகிலோ தலையிலோ சுமக்க வேண்டும்.
6. மூட்டையை மேலிருந்து உருட்டிவிடாதீர்கள். மூட்டை கிழியும், கீழே யார் வருகிறார்கள் என்பதும் தெரியாது.
7. ஊசி, பிளேடு, மருத்துவக் கழிவு கண்டால் பெரியவர்கள் மட்டும் இடுக்கியால் எடுத்து டின்னில் போட வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தொடக் கூடாது.
8. குகைகளிலும் மண்டபங்களிலும் தங்கியிருக்கும் சாதுக்களின் பொருளைக் குப்பை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். “சாமி, இதை எடுத்துக்கலாமா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். பல நேரங்களில் அவர்களே முன்வந்து இடுக்குகளைக் காட்டித் தருவார்கள்.

*கவனம்:* மலையில் குப்பையை எரிப்பதும் புதைப்பதும் கூடவே கூடாது. எரித்தால் நச்சுப் புகை, கூடவே காட்டுத்தீ. புதைத்தால் ஒரு பெருமழையில் எல்லாம் வெளியே வந்துவிடும்.

கீழே இறங்கிய மூட்டை எங்கே போகும்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் ஏறாதீர்கள். துப்புரவு முடிந்து, மூட்டைகள் அடிவாரத்தில் வாரக்கணக்கில் கிடந்து, நாய்களும் மாடுகளும் பிரித்து, காற்று மறுபடி மலைக்கே ஏற்றிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

தார்ப்பாய் விரித்துத் தரம் பிரியுங்கள். தண்ணீர் பாட்டில், கண்ணாடி பாட்டில், தகரம், பால் கவர் போன்ற தடித்த உறைகள் ஆகியவற்றைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பளபளக்கும் தின்பண்ட உறை, தெர்மாகோல், நைந்த கவர், அறுந்த செருப்பு, மக்கிய துணி ஆகியவற்றை யாரும் வாங்க மாட்டார்கள். உள்ளாட்சியின் துப்புரவு ஆய்வாளரிடம் முன்கூட்டியே பேசி, அதே நாள் மாலை வண்டி வருமாறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக இவற்றை அனுப்பும் வசதி அவர்கள் வழியாகத்தான் கிடைக்கும்.

தரம் பிரிக்கும்போது எண்ணுங்கள். எந்தப் பொருள் எத்தனை, எந்த இடத்தில் கிடைத்தது என்று ஒரு பட்டியல் போதும். இரண்டு மூன்று முறை எண்ணினாலே குப்பை எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் அவை மலைக்கு ஏறுகின்றன. பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு அடிவாரக் கடைக்காரர்களிடம் போய்ப் பேசுங்கள், சண்டைக்குப் போகாதீர்கள். டீக்கடையில் கண்ணாடி டம்ளர், அன்னதானத்துக்கு மந்தாரை இலை அல்லது பாக்குமட்டைத் தட்டு, பாதையில் சில இடங்களில் குடிநீர்த் தொட்டி. இந்த மூன்றும் வந்துவிட்டால் அடுத்த பௌர்ணமியிலேயே வித்தியாசம் தெரியும். பூசிய காகித டம்ளரைக் ‘காகிதம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். அதன் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் இருக்கிறது.

திருவிழாவுக்கு மறுநாள் துப்புரவு செய்வதைவிட, திருவிழாவின்போதே மலையேறும் வழியில் நின்று பைகளைப் பார்வையிட்டுப் பிளாஸ்டிக்கை வாங்கி வைத்துக்கொள்வது பலமடங்கு பயன் தரும். இதற்கு வனத்துறை, காவல்துறை, கோயில் நிர்வாகம் மூவரின் ஒத்துழைப்பும் வேண்டும்.

தீ: இதில் தோற்றால் எல்லாம் தோற்கும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

திருவண்ணாமலை போன்ற மலைகளில் ஆளுயரத்துக்கு எலுமிச்சைப்புல் வளரும். மழைக்காலத்தில் பச்சையாக, மணமாக இருக்கும். தை பிறந்ததும் வைக்கோலாகிவிடும். அதிலுள்ள எண்ணெய்ப் பசையால் தீப்பிடித்தால் சடசடவென்று ஓடும். தீக்குப் பிறகு புல்லின் வேர்க்கொத்து சாவதில்லை, முதல் மழைக்கே துளிர்க்கிறது. மரக்கன்று செத்துவிடுகிறது. இப்படி ஒவ்வொரு தீயிலும் புல் ஜெயிக்கிறது, மரம் தோற்கிறது. மலை மொட்டையாகவே இருப்பதற்குப் பெரிய காரணம் இது. தீ தானாக வருவதில்லை. பீடித்துண்டு, சமைத்துவிட்டு அணைக்காத அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் நெருப்பு, கற்பூரம் என்று எல்லாம் மனிதர் வைப்பதுதான்.

தீத்தடுப்புக் கோடு போடும் முறை:

1. வனத்துறையினர் இதை ‘ஃபயர் லைன்’ என்பார்கள். எங்கே போடுவது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அவர்கள் அனுமதியின்றி ஓரடியும் வெட்டாதீர்கள்.
2. கோடு பாதை, ஓடை, வெறும் பாறை ஆகியவற்றை ஒட்டிப் போகட்டும். பாதி வேலை மிச்சம்.
3. மார்கழிக் கடைசியில் தொடங்கித் தை முடிவதற்குள் முடியுங்கள். முன்னதாகவே வெட்டினால் புல் மறுபடி தலைதூக்கும். பின்னால் போனால் தீ முந்திக்கொள்ளும்.
4. அகலம் குறைந்தது 4 மீட்டர். உயரமான புல் இருக்கும் சரிவில் அதற்கும் மேல் வேண்டும்.
5. புல்லை அரிவாளால் அடியோடு அறுத்து, கோட்டுக்கு வெளியே, கன்றுகள் இல்லாத பக்கம் ஒதுக்குங்கள். கோட்டுக்குள் நிற்கும் மரங்களை வெட்ட வேண்டாம். அடியில் சருகைக் கூட்டினால் போதும்.
6. பங்குனியில் ஒருமுறை போய் விழுந்த சருகை மறுபடி கூட்டுங்கள். கோடு போட்டதோடு மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

தீ அணைக்கப் போவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. வனத்துறையின் பயிற்சி இல்லாமல், அவர்கள் அழைக்காமல் போகாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், மலையேற்றத்துக்குப் போயிருந்த 20க்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக ஏறும் என்பது அனுபவம் இல்லாதவர்களுக்குத் தெரியாது.

பயிற்சி பெற்றவர்களும் மீறக் கூடாத விதிகள்:

தீக்கு மேல்புறம் சரிவில் நிற்கவே கூடாது. எரிந்து கருத்த பக்கத்திலிருந்துதான் அணைக்க வேண்டும், ஏனென்றால் ஓடி ஒதுங்க இடம் அதுவே. பச்சைத்தழைக் கொத்தால் அடித்து, தேய்த்து, அழுத்தி அணைக்க வேண்டும். ஓங்கி வீசினால் பொறி பறந்து பின்னால் பற்றும். பருத்தி உடை மட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காற்று தணியும் நேரம், அதாவது முன்னிரவும் அதிகாலையும், ஏற்ற நேரம். சிக்கிக்கொண்டால் மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் வெறும் பாறைக்கோ ஏற்கெனவே எரிந்த தரைக்கோ போய்விடுங்கள். அணைந்த பிறகும் ஒருவர் இருந்து புகையும் கட்டைகளைக் கண்காணிக்க வேண்டும்.

மண்ணையும் தண்ணீரையும் நிறுத்துங்கள்

மொட்டை மலையில் பெய்யும் மழை நிற்பதில்லை. இருக்கும் கொஞ்ச மண்ணையும் வாரிக்கொண்டு இறங்கிவிடும். ஜப்பானில் ஆஷியோ என்ற இடத்தில் செப்புச் சுரங்கப் புகையால் மலைகளே மொட்டையாகி, மண் முழுக்க அடித்துச் செல்லப்பட்டது. சுரங்கம் 1973இல் மூடப்பட்டது. இப்போது அங்கே மரம் நடப் போகும் மக்கள் கன்றோடு மண்ணையும் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். நம் மலைகளில் இன்னும் அந்த நிலை வரவில்லை. இருக்கும் மண்ணை இருக்கும் இடத்திலேயே பிடித்து வைத்தால் போதும்.

மிதமான சரிவுகளில் சமமட்டத்தில் கல்வரப்பு போடலாம். சமமட்டம் பார்க்கக் கருவி வேண்டியதில்லை, நீங்களே செய்துகொள்ளலாம்.

1. ஆறடி நீளமுள்ள இரண்டு மூங்கில்களின் தலைகளைச் சேர்த்துக் கட்டுங்கள். கால்களை அகட்டி நிறுத்தி, நடுவே ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள்.
2. உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். குறுக்குக் கம்புக்குச் சற்றுக் கீழே கல் தொங்க வேண்டும்.
3. தரையில் நிறுத்தி, இரு கால்களும் ஊன்றிய இடங்களில் குறி வையுங்கள். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரிக்கோடு போடுங்கள்.
4. கால்களை இடம் மாற்றி அதே குறிகளில் ஊன்றி, இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவில் மூன்றாவது கோடு. கயிறு அந்த நடுக்கோட்டில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன.
5. ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை மட்டம் கிடைக்கும் வரை நகர்த்தி, சரிவின் குறுக்கே குறி வைத்துக்கொண்டே போங்கள். அந்தக் கோட்டில் கைக்கெட்டிய கற்களை முழங்காலுக்குக் கீழான உயரத்துக்கு அடுக்குங்கள்.

முதல் மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். கல்லுக்கு மேல்புறம் சருகும் வண்டலும் நாலு விரற்கடை சேர்ந்திருக்கும். அங்கே விதைகள் தாமாக முளைப்பதையும் பார்க்கலாம்.

*கவனம்:* பாறைக்குண்டுகள் நிற்கும் செங்குத்துச் சரிவிலும், கீழே வீடுகள் உள்ள இடத்திலும் கல்லைப் புரட்டாதீர்கள், தண்ணீர் தேக்கும் பள்ளம் வெட்டாதீர்கள். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலைச் சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்யலாம் என்பதைப் பொறியாளரும் நிலவியல் துறையும்தான் சொல்ல வேண்டும்.

என்ன மரம்?

அந்த மலையில் ஏற்கெனவே நிற்கும் மரங்களும், பக்கத்துக் கோயில்காட்டில் இருப்பவையும்தான் உங்கள் பட்டியல். வறண்ட சரிவுக்கு உசில், வெப்பாலை, ஆத்தி, புரசு, வெக்காலி. சற்று மண் உள்ள இடத்தில் சரக்கொன்றை, இலுப்பை, பூந்திக்கொட்டை, வேம்பு. ஓடைக்கரையில் நாவல், புங்கன், மருது. பாறை இடுக்கில் இச்சி, ஆல். புதர்களை மறக்காதீர்கள். விராலி, களா, காரை முதலில் வேர்விட்டால் அவற்றின் நிழலிலும் முள்ளின் காவலிலும் மரக்கன்று தப்பும்.

சீமைக்கருவேலம், சுபாபுல் வேண்டாம். குல்மோகர் போன்ற அழகு மரங்களும் மலைக்கு வேண்டாம். உன்னிச்செடி மண்டிய இடத்தில் வேரோடு பிடுங்கினால்தான் பயன், வெட்டினால் மறுபடி தழைக்கும். ஆனால் ஒரே நேரத்தில் முழுச் சரிவையும் வெளுக்காதீர்கள். கொஞ்சம் பிடுங்கி, அந்த இடத்தில் நட்டு, பிறகு அடுத்த துண்டுக்குப் போங்கள்.

விதைப்பந்து பற்றிப் பலரும் கேட்பார்கள். பிள்ளைகளுக்கு அது உற்சாகமான வேலைதான். ஆனால் பாறையிலும் புல்லிலும் விழும் பந்துகளில் மரமாவது மிகச் சொற்பம். எறும்பும் எலியும் தின்பது போக முளைத்ததையும் முதல் கோடை வாட்டிவிடும். அந்தப் பிள்ளைகளை நாற்றங்காலில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாற்றங்கால்

வேம்பு, நாவல், இலுப்பை விதைகளை நெடுநாள் சேமித்து வைக்க முடியாது. ஆனி, ஆடியில் வேம்பும் நாவலும் பழுத்து விழும்போதே பொறுக்கி, சதையைக் கழுவி, சில நாட்களுக்குள் விதைத்துவிடுங்கள். சரக்கொன்றை, உசில் போன்றவற்றுக்குத் தோல் கடினம். கொதித்து இறக்கிய நீரில் போட்டு, ஆறியபின் இரவு முழுக்க ஊறவிட்டு விதைக்க வேண்டும். ஒரே மரத்தில் எல்லா விதையையும் எடுக்காதீர்கள். பத்து மரங்களிலாவது பொறுக்கினால் கன்றுகள் வலுவாக இருக்கும்.

பைக்கு இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம். மாதம் ஒருமுறை பைகளை இடம் மாற்றி வைக்காவிட்டால் வேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும், எடுக்கும்போது அறுந்துபோகும். நடவுக்கு ஒரு மாதம் முன்பிருந்து தண்ணீரையும் நிழலையும் படிப்படியாகக் குறையுங்கள். செல்லமாக வளர்ந்த கன்று மலை வெயிலுக்குத் தாங்காது. எட்டு மாதம் முதல் ஒரு வருடம் வரை வளர்ந்த, இரண்டடி உயரக் கன்று போதும். ஐந்தடிக் கன்றைத் தூக்கிச் செல்வதும் கடினம், அது பிழைப்பதும் கடினம்.

நடவு

1. ஆடியிலேயே குழி எடுத்து ஆறப்போடுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். பாறை இடுக்கானால் கிடைக்கும் ஆழம் போதும். மேல்மண்ணைத் தனியாக வையுங்கள்.
2. இரண்டு மூன்று நல்ல மழை பெய்து, குழி அடிவரை ஈரமான பிறகு நடுங்கள். வடகிழக்குப் பருவமழைப் பகுதியில் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும் ஏற்றவை. கார்த்திகைக்குப் பின் நட்டால் வேர் இறங்குவதற்குள் மழை நின்றுவிடும்.
3. கன்றைத் தண்டைப் பிடித்துத் தூக்காதீர்கள், பையைப் பிடியுங்கள். கூடையில் அடுக்கித் தலையில் சுமப்பது சிறந்தது.
4. பையைப் பிளேடால் பக்கவாட்டில் கீறி, மண் உதிராமல் கன்றை இறக்குங்கள். அடியில் சுருண்ட வேரை நறுக்கிவிடுங்கள்.
5. மேல்மண்ணை முதலில் போட்டு நிரப்பி, சுற்றிலும் காலால் லேசாக மிதியுங்கள். தண்டு பையில் எவ்வளவு ஆழம் இருந்ததோ அதே ஆழம்.
6. சரிவின் கீழ்ப்பக்கமாகப் பிறைவடிவில் வரப்பு கட்டுங்கள். மேலிருந்து வரும் நீர் அதில் நிற்கும்.
7. கன்றைச் சுற்றிக் கையகலக் கற்களைப் பரப்புங்கள். ஈரம் காக்கவும் களை வராமல் தடுக்கவும் மலையில் கல்லே நல்ல மூடாக்கு, அது எரியாது. அறுத்த புல்லைப் போட்டால் கோடையில் அதுவே திரியாகிவிடும்.
8. நடவு முடிந்ததும் காலிப் பைகளை எண்ணுங்கள். எத்தனை கன்று ஏறியதோ அத்தனை பை இறங்க வேண்டும். பையைக் குழிக்குள்ளேயே மிதித்துப் புதைத்துவிடும் பழக்கம் எங்கும் உண்டு. குப்பை அள்ளிய மலையில் நாமே குப்பை போட்டதாகிவிடும். பை எண்ணிக்கை சரியாகும் வரை அணி கலையக் கூடாது.

வரிசை பிடித்து, கயிறு கட்டி நடாதீர்கள். மண் இருக்கும் இடமே கன்றின் இடம். ஏற்கெனவே துளிர்த்திருக்கும் அடிக்கட்டைகளின் அருகே புதுக்கன்று வேண்டாம். கட்டையில் நேரான, தடித்த துளிர் ஒன்றோ இரண்டோ விட்டு மற்றதைக் கழித்துவிடுங்கள். காப்புக்காட்டில் இதற்கும் வனக்காப்பாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேலே போகும்போது பாதுகாப்பு

காலை ஆறு மணிக்கு ஏறிப் பத்தரைக்குள் இறங்கிவிடுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஒருவருக்குத் தலைச்சுற்றல், வாந்தி, உளறல் வந்தால் வேலையை நிறுத்தி நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து, விசிறி, உடனே கீழே இறக்குங்கள். இடிமின்னல் நாளிலும் கனமழை எச்சரிக்கை நாளிலும் ஏறவே வேண்டாம்.

கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கமாகப் புரட்டாதீர்கள். உள்ளே இருப்பது எதிர்ப்பக்கம் வெளியேறட்டும். கையை விட்டுத் துழாவாமல் கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்பு கடித்தால் கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கி இறக்குங்கள். மோதிரம், கொலுசு, காப்பைக் கழற்றுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, பச்சிலை தேடுவது எதுவும் வேண்டாம். 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய தேவையில்லை.

பாறையில் மலைத்தேனீ அடை தொங்கினால் அந்தப் பகுதியை அன்று விட்டுவிடுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு ஏறாதீர்கள், புகை கூடாது. தேனீ கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுவதுதான் வழி, கையை வீசினால் இன்னும் கூடும்.

மூன்று கோடைகள்

நட்ட கன்றுக்கு முதல் கோடை கண்டம். முடிந்தால் பதினைந்து நாளைக்கொரு முறை ஒரு குடம் தண்ணீர். முடியாதென்றால், தையில் கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குப் புல்லைச் செதுக்கி, கல்மூடாக்கைச் சரிசெய்தாலே கணிசமானவை தப்பும். இரண்டாம், மூன்றாம் வருடங்களிலும் இதே செதுக்கல், இதே தீக்கோடு. கன்று புல்லைவிட உயர்ந்து நிழல் தட்டத் தொடங்கினால் அதன்பின் புல் தானாக மெலியும்.

ஒவ்வொரு ஆனியிலும் கணக்கெடுங்கள். எந்த இனம் எத்தனை நட்டோம், எத்தனை உயிரோடு, செத்தது எதனால் என்று பதிவேட்டில் எழுதுங்கள். வெயிலா, ஆடா, தீயா, கறையானா என்பதைக் கன்றின் அடியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். எந்தச் சரிவில் எது பிழைத்ததோ, அடுத்த ஐப்பசியில் அங்கே அதையே கூடுதலாக நடுங்கள். மூன்று முறை நட்டும் ஒன்றும் பிழைக்காத சரிவில் நடுவதை நிறுத்திவிட்டு, தீக்கோட்டையும் கல்வரப்பையும் மட்டும் தொடருங்கள். அங்கே முதலில் விராலி வரட்டும்.